‘சாஃப்ட் ஸ்கில்’ என்றால் வாயை மூடிக்கொள்வதா?

பெருங்குடியில் ஒரு மாடி அறையில் வாரத்துக்கு மூன்று நாள் மாலை வகுப்பு எடுக்கிறேன். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாங்கள். பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, சத்தம் போடும் ஒரு ஃபேன், சுவரில் பாபாசாகேப் படம். கல்லுக்குட்டை, சீவரம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நாங்கள் வைத்த பெயர் ‘நேர்காணல் பயிற்சி’. பிள்ளைகள் சொல்வது ‘சாஃப்ட் ஸ்கில் கிளாஸ்’.

போன மாதம் ரெஸ்யூமே எழுதும் வகுப்பு. பி.காம். முடித்த ஒரு தங்கச்சி, எல்லாவற்றையும் அழகாக எழுதிவிட்டு ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தாள். என்னவென்று பார்த்தால் முகவரி.

“அண்ணா, இங்க எது போடறது? கண்ணகி நகர்னு போடவா? மயிலாப்பூர்ல எங்க அத்தை வீடு இருக்கு, அதைப் போடவா?”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கேட்டது அவள்தான் என்றாலும் கேள்வி எல்லோருடையதும்.

மேடை ஏறினால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவன் நான். சாதியை ஒளிக்காதே, தலை நிமிர்ந்து நில் என்று எத்தனையோ கூட்டத்தில் முழங்கியவன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. “அடுத்த கிளாஸ்ல சொல்றேன்மா” என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன். அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரிய வேண்டும் என்றால் பழைய மகாபலிபுரம் சாலையைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறந்தார்கள். தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்பக் கனவு அங்கேதான் கட்டடமாக எழுந்தது. அதே 2000-இல்தான் அதே சாலையில், இன்னும் கொஞ்சம் தெற்கே, துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர் குடியமர்த்தலும் தொடங்கியது. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, கடற்கரை என்று நகரத்துக்குள் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லோரும் தலித் அல்ல. ஆனால் பெரும்பகுதி நம்மவர்கள். இவை இரண்டுக்கும் நடுவில் எங்கள் பெருங்குடி. ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நகரம் கொட்டி வைத்த குப்பை மேடு.

குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெஸ்யூமேயில் சுவர் தெரியாது, முகவரிதான் தெரியும். அந்த முகவரியைப் பார்த்ததும் வேலை தர மறுக்கிறார்கள் என்பது பத்திரிகைகளே பலமுறை எழுதிய செய்தி. பயமுறுத்துவதற்காக நாமாகக் கிளப்பிவிட்ட கதை அல்ல. கண்ணாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்க அந்த முகவரி தடையில்லை. நாற்காலியில் உட்காரத்தான் தடை.

சரி, இதற்கும் சாஃப்ட் ஸ்கில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கார்ப்பரேட் அலுவலகத்தில் பிறந்தது அல்ல. அமெரிக்க ராணுவத்தில் பிறந்தது. ராணுவப் பயிற்சி பற்றி 1972-இல் அவர்கள் நடத்திய ஒரு மாநாட்டில் இதற்கு விளக்கம் தேடினார்கள். இயந்திரத்தைக் கையாளும் வேலை ஒரு வகை. மனிதர்களையும் காகிதங்களையும் கையாளும் வேலை இன்னொரு வகை. இரண்டாவதற்கு ‘சாஃப்ட்’ என்று பெயர். மனிதரும் காகிதமும், அவ்வளவுதான். இந்த இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்றைக்கு அந்தப் பட்டியல் நீண்டுவிட்டது. தகவல் தொடர்பு, குழுவாக வேலை செய்தல், மாற்றத்துக்கு ஏற்ப வளைதல், தலைமைப் பண்பு, உணர்ச்சிக் கட்டுப்பாடு, நேர மேலாண்மை. எதுவும் கெட்டது இல்லை. யாருக்கும் தேவைதான். தமிழ்நாடு அரசே 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித் தருகிறது. தாட்கோவும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்துகிறது. நல்ல காரியம். போய்ச் சேருங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

என் சந்தேகம் வேறு இடத்தில். ஹார்ட் ஸ்கில்லுக்கு ஓர் அளவுகோல் உண்டு. எழுதிய நிரல் ஓடுகிறதா இல்லையா, கணக்கு டேலி ஆகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். சாஃப்ட் ஸ்கில்லுக்கு அளவுகோல் எது? எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனம். அந்த மனம் எந்தத் தெருவில் வளர்ந்தது, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டது, யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை என்பதெல்லாம் அந்த அளவுகோலுக்குள் இருக்கிறது. வெளியே எண்ணாகத் தெரியும், ஐந்துக்கு இரண்டு, ஐந்துக்கு நான்கு என்று.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் அந்த மதிப்பெண்ணை வாங்கியவன். நல்ல மதிப்பெண்ணே வாங்கியவன். எப்படி வாங்கினேன் என்பதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

செய்யூர்ப் பக்கம் ஒரு காலனி என் ஊர். அப்பா கட்டட வேலை. 2008-இல் பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அது ஒரு நிறுவனத்தின் கதை அல்ல. முதல் ஆறு வாரம் குரல் பயிற்சி. அங்கே ஒரு சொல் அடிக்கடி வரும், ‘எம்.டி.ஐ.’ என்று. தாய்மொழியின் சாயல் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தால் அது குறை. நான் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று சொல்லிவிட்டால் வகுப்பே சிரிக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்த பையனுடைய ஆங்கிலத்திலும் தாய்மொழி இருந்தது. அவன் வீட்டுத் தமிழ் அப்படியே அதில் ஒலிக்கும். அது யாருக்கும் குறையாகக் கேட்கவில்லை. அவனுக்குச் சிறு வயதிலிருந்தே ஆங்கிலம் பேசும் பெரியப்பா இருந்தார், அமெரிக்காவில் மாமா இருந்தார், ஹிந்து பேப்பர் இருந்தது. அவன் வீட்டில் இலவசமாகக் கிடைத்ததை நான் ஆறு வாரத்தில் காசுக்குப் பழகினேன். பழகியும் விட்டேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்துப் பழகியவைதான் பிரச்சினை. “நேட்டிவ் எது?” என்று கேட்டால் செய்யூர் என்று சொல்லிவிட்டு நிறுத்தப் பழகினேன். “செய்யூர்ல எங்க?” என்று கேட்டால் பேச்சை மாற்றப் பழகினேன். ஒரு நாள் டீம் லீடர் பாராட்டுவது போல முதுகில் தட்டினார். கை தோளிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது, பூணூல் இருக்கிறதா என்று. என்னைப் பார்த்து எதற்கு அந்தச் சந்தேகம் வந்ததோ! சட்டைக்குள் ஒன்றும் அகப்படவில்லை. அதன் பிறகு அவர் தட்டியதே இல்லை. சாப்பாட்டு அறையில் இரண்டு மைக்ரோவேவ், ஒன்றின் மேல் ‘சைவம் மட்டும்’ என்று காகிதம் ஒட்டியிருக்கும். நான் இன்னொன்றின் பக்கமும் போகவில்லை. அம்மா ஊரிலிருந்து மாட்டுக்கறிச் சுக்கா கொடுத்து அனுப்பினால் ராத்திரி அறையில் தனியாகச் சாப்பிடுவேன். ஆபீசுக்கு எலுமிச்சைச் சாதம். வாடகைக்கு வீடு தேடியபோது கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம், உங்களில் பலர் கேட்டவைதான்.

2011-இல் எங்கள் குழுவில் ஒரு பையன் சேர்ந்தான். திண்டிவனம் பக்கம். வெடுக்கென்று பேசுவான், வேலையில் கெட்டி. ஏப்ரல் 14-க்கு லீவு கேட்டான். காரணம் என்ற இடத்தில் ‘அம்பேத்கர் பிறந்தநாள்’ என்று எழுதியே கேட்டான். டீம் லீடர் எல்லோர் முன்னாலும் அதை உரக்கப் படித்தார். “ஓ, உங்க ஆளு பர்த்டேயா? அப்போ அன்னிக்கு ஏரியாவுல சரக்கு ஆறா ஓடுமே” என்றார்.

குழுவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் யாரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ஏனென்றால் அவனுக்கு என்னைத் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு அதே தேதியில், அடையாறு பக்கம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் அம்பேத்கர் மணிமண்டபத்தில், மாலையோடு வரிசையில் நின்ற என்னை அவன் பார்த்திருக்கிறான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே தனியாக வந்து, “அண்ணா, நீங்க மணிமண்டபம் வந்திருந்தீங்கல்ல?” என்று கேட்டவன். நான்தான் “இல்லையே, வேற யாரோ” என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவன் நினைத்திருந்தால் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். “ஏன், அவரையும் கேளுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான்.

மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். போகிற தாளில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினான். மனிதவளத் துறையில் இருந்த அம்மா எங்களிடம் சொன்னது, “நல்ல பையன்தான், ஆனா சாஃப்ட் ஸ்கில் கம்மி. ஜோக்கைக்கூட எடுத்துக்கத் தெரியல, டீமோட ஒட்டவே இல்ல.”

அந்த ஆண்டு என் மதிப்பீட்டுத் தாள் வந்தது. ‘பிறரோடு பழகும் திறன்’ என்ற இடத்தில் ஐந்துக்கு ஐந்து. சம்பளமும் உயர்ந்தது.

தோழர்களே, அந்த ஐந்து மதிப்பெண் எதற்குக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்ததற்கு.

இதை நான் ஒருவன் அனுபவித்தது என்று தள்ளிவிட முடியாது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005 அக்டோபரிலிருந்து 66 வாரம் ஒரு சோதனை செய்தார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு ஒன்று, தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி என்று தெரியும் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் இஸ்லாமியப் பெயர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. இஸ்லாமியப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007-இல் இது வெளியானது. கவனியுங்கள், இந்த விண்ணப்பதாரர்கள் யாரும் வாயைத் திறக்கவே இல்லை. கைகுலுக்கவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. சாஃப்ட் ஸ்கில் குறை என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. பெயர் மட்டும்தான் இருந்தது.

அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். எல்லோரும் சாதி பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம் என்கிறார்கள். ஆனால் நேர்காணலில் ‘குடும்பப் பின்னணி’ கேட்பது முக்கியம் என்றும் சொல்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார், எங்கே வளர்ந்தாய் என்பதை வைத்துத்தான் ஆள் எப்படி என்று கணிக்கிறார்களாம். கேட்பது குடும்பத்தை, எழுதுவது திறமை என்று.

பயிற்சி போதாதது நம் பிரச்சினை என்று யாராவது சொன்னால், நான் ஒரே ஒரு பெயரைச் சொல்வேன். கொலம்பியாவில் படித்துவிட்டு, லண்டனிலும் படிப்பைத் தொடங்கிவிட்டு, 1917-இல் பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தார் ஓர் இளைஞர். ஆங்கிலத்தில் குறையா? உடையில் குறையா? பழகும் முறையில் குறையா? அலுவலகத்துப் பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேசையில் தூக்கிப் போட்டார்கள். தங்க இடம் தர ஆள் இல்லை. பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்து வெளியே போகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். அங்கே உடன் வேலை பார்த்தவர்கள், பேராசிரியர்களுக்கான பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று ஆட்சேபித்தார்கள். அண்ணல் அம்பேத்கருக்கு எந்த சாஃப்ட் ஸ்கில் குறைவாக இருந்தது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

அது நூறு வருடத்துக்கு முந்தைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். மாறிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அன்றைக்கு ராத்திரி எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரும் தூங்கவில்லை. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, நிரல் எழுதுவதை அது பார்த்துக்கொள்ளும், இனிமேல் மனிதர்களுக்கு மிஞ்சுவது பேசுவதும் பழகுவதும்தான், ஆகவே சாஃப்ட் ஸ்கில்தான் எதிர்காலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதன் பொருள் என்ன? அளக்கக்கூடிய திறமைக்கு மதிப்புக் குறைகிறது. அளக்க முடியாத திறமைக்கு மதிப்புக் கூடுகிறது. சாதி ஒளிந்துகொள்ளும் இடம் எதுவோ, அந்த இடம் பெரிதாகிறது. நாம் ராத்திரி பகலாகப் படித்து ஜாவாவையும் டேலியையும் பிடித்தபோது, பரீட்சையின் பாடமே மாறுகிறது.

ஆளைத் தேர்வு செய்வதை இயந்திரமே செய்யட்டும், அதற்குச் சாதி தெரியாது என்று ஒரு நண்பர் சொன்னார். அமேசான் அப்படி ஒரு மென்பொருள் செய்து பார்த்தது. பழைய விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலோர் ஆண்கள். அதனால் அது பெண்களின் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைத்தது. கடைசியில் கைவிட்டார்கள். 2018-இல் செய்தியாக வெளிவந்தது. நாம் என்ன கொடுத்துப் பழக்குகிறோமோ அதைத்தான் இயந்திரமும் கற்கும். நம் நாட்டில் எதைக் கொடுத்துப் பழக்குவார்கள்?

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை வந்தது. கேமராவைப் போடு என்றார்கள். ஒற்றை அறை வீட்டில், பின்னால் தம்பி தூங்க, அம்மா குக்கர் வைக்க, பக்கத்து வீட்டுச் சண்டை கேட்க, கேமராவை எங்கே திருப்புவது? கேமராவை அணைத்து வைத்த பிள்ளைக்கு ‘ஈடுபாடு குறைவு’ என்று எழுதினார்கள். அவள் நான்கு பேர் தூங்கும் வீட்டில் ராத்திரி ஷிப்ட் பார்த்ததை எந்தத் திறனில் எழுதினார்கள்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, சாஃப்ட் ஸ்கில் என்பதே பார்ப்பனியச் சதி, தூக்கி எறியுங்கள் என்று நான் எழுதினால் உங்களில் சிலர் கைதட்டுவீர்கள். ஆனால் திங்கட்கிழமை நேர்காணலுக்குப் போகும் பிள்ளைக்கு அந்தக் கைதட்டு உதவாது. அவளுக்கு வேலை வேண்டும். வீட்டில் கடன் இருக்கிறது. ஆகவே நான் சொல்லித் தருகிறேன். என்ன சொல்லித் தருவது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

முதல் வகுப்பில் இப்போது ஆங்கிலம் இல்லை. “உங்க அம்மா ரேஷன் கார்டு எப்படி வாங்குனாங்க? சொல்லுங்க” என்பேன். சொல்லச் சொல்லப் பலகையில் எழுதுவேன். எத்தனை அலுவலகம் ஏறினார், யாரிடம் கெஞ்சினார், யாரிடம் சத்தம் போட்டார், எந்தத் தாளுக்கு நகல் எடுத்து வைத்தார், மறுபடி எந்தத் தேதியில் போனார், பக்கத்து வீட்டுக்காரியையும் எப்படிக் கூட்டிக்கொண்டு போனார். எழுதி முடித்துவிட்டுப் பக்கத்தில் கார்ப்பரேட் பெயர்களை எழுதுவேன். பேச்சுவார்த்தை, தொடர் கண்காணிப்பு, ஆவண மேலாண்மை, குழுவைத் திரட்டுதல். மனிதரையும் காகிதத்தையும் கையாள்வதுதான் மென்திறன் என்றால், பட்டாவுக்கும் தண்ணீருக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வாழ்நாள் முழுக்க மனு எழுதிய நம் அம்மாக்களை விட அதில் தேர்ந்தவர் யார்? அதற்கு மதிப்பெண் போடத்தான் ஆள் இல்லை.

ஒரு தம்பி ரெஸ்யூமேயில் ‘பொழுதுபோக்கு: கிரிக்கெட், பாட்டுக் கேட்பது’ என்று எழுதியிருந்தான். தலைமைப் பண்புக்கு உதாரணம் சொல் என்றால், “எதுவும் இல்லண்ணா” என்றான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீரில் நின்றதே, அப்போது என்ன செய்தாய் என்று கேட்டேன். அவர்கள் பிளாக்கில் எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி என்று பட்டியல் எடுத்து, பாலும் மருந்தும் வாங்கி, மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவன் அதை ஒரு திறமை என்றே நினைக்கவில்லை. இப்போது அது ரெஸ்யூமேயின் முதல் பத்தியில் இருக்கிறது. நேர்காணலில் அதைச் சொல்லும்போது அவன் ஆங்கிலம் தடுமாறுவதில்லை. சொந்தக் கதைக்கு வாய் தானாக வருகிறது.

இன்னும் சில சொல்லித் தருகிறேன். புரியாவிட்டால் மறுபடி கேள், அது அவமானம் இல்லை, மேலதிகாரிகளும் கேட்கிறார்கள். வாய்மொழியாக ஒரு வேலை சொன்னால், ‘நீங்கள் சொன்னது இதுதானே’ என்று அன்றைக்கே ஒரு மெயில் போடு. நமக்கு நேர்ந்ததை நாளை நிரூபிக்க அதுதான் சாட்சி. சம்பளம் பேசும்போது முதலில் சொல்லும் தொகைக்குத் தலையாட்டாதே. ஆபீசில் முதல் மாதத்திலேயே நம்பகமான ஓர் ஆளையாவது கண்டுபிடி, எந்தச் சாதியாக இருந்தாலும் சரி. “எந்த ஊர், என்ன ஆளு” என்று கேட்டால், “இது என் வேலைக்கு எப்படித் தேவைப்படுதுன்னு தெரிஞ்சுக்கலாமா சார்?” என்று சிரித்துக்கொண்டே கேட்கப் பழகு. சொல்லும்போது குரல் நடுங்கும். அதனால்தான் வகுப்பில் ஒருவரை ஒருவர் கேட்கவைத்துப் பத்துத் தடவை சொல்லவைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உன் பக்கத்தில் இருப்பவனை அவமானப்படுத்தும்போது எல்லோரும் சிரித்தால், நீ சிரிக்காதே. எதிர்த்துப் பேச முடியாவிட்டால் பரவாயில்லை, சிரிக்காமல் இரு. போகும்போது அவனோடு டீக்கடை வரை நட. இதை நான் எங்கேயிருந்து கற்றேன் என்று பிள்ளைகள் இதுவரை கேட்டதில்லை.

ஆனால் எல்லா வகுப்பும் நமக்கே ஏன்? அந்த டீம் லீடருக்கு வகுப்பு வேண்டாமா? பிறர் மனம் அறிதல், கேட்கும் திறன், பன்முகத்தன்மையை மதித்தல் இவையெல்லாம் அவர்கள் பட்டியலில் இருப்பவைதானே? அவருக்கு அதில் எத்தனை மதிப்பெண் போட்டார்கள்? மகளிர் தினத்துக்கு ஊதா பலூன் கட்டுகிறார்கள், ஜூன் மாதம் வானவில் கொடி வைக்கிறார்கள், இரண்டையும் வரவேற்கிறேன். சாதி என்ற சொல்லை மட்டும் எந்தப் பயிற்சித் திரையிலும் நான் பார்த்ததில்லை.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலும் ஒரு காலத்தில் ‘ஜோக்’தான். 1997-இல் விசாகா தீர்ப்பு வந்தது, 2013-இல் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்புகார்க் குழு கட்டாயம் ஆனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுக்க ஒரு கதவாவது இருக்கிறது. சாதிக்கு அந்தக் கதவு இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்குக் காவல் நிலையம் போக வேண்டும், பிறர் பார்வையில் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஆறு மாத புரொபேஷனில் இருக்கும் பையன் எங்கே போவான்? ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிட்டு ஊருக்குத்தான் போவான்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. சாதி பிறந்த மண்ணில், சமூகநீதி பேசும் நம் மாநிலத்தில், ஒரு தனியார் அலுவலகத்தில் சாதிப் புகாரை வாங்கி விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி இல்லை. தனியார் துறை இட ஒதுக்கீடு பேச்சாகவே இருக்கிறது. தானாக முன்வந்து செய்கிறோம் என்று 2006-இல் தொழில் அமைப்புகள் ஒரு நடத்தை நெறி அறிவித்தன. இருபது வருடம் ஆகிறது. இடம் கொடுத்த அரசு, சலுகை கொடுத்த அரசு, கேட்கலாம். உன் அலுவலகத்தில் எத்தனை ஆதிதிராவிடர், எந்தப் படிநிலையில் என்று கணக்குக் கேட்கலாம். சாதிப் புகார்க் குழு எங்கே என்று கேட்கலாம். ரெஸ்யூமேயில் முகவரி எதற்கு என்று கேட்கலாம். வேலை கொடுத்த பிறகு முகவரி வாங்கினால் போதாதா?

இப்போது அந்தத் தங்கச்சிக்கு வருகிறேன்.

அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் 2011 ஏப்ரல் கதையைச் சொன்னேன். இங்கே எழுதியது போலவே, சிரித்ததையும் சேர்த்து. சொல்லிவிட்டு, “அத்தை வீட்டு அட்ரஸ் போட்டா தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பசிக்குப் பொய் சொல்றது பாவம் இல்ல. ஆனா ஒரு பொய்யோட அது நிக்காது, நான் மூணு வருஷம் அதைக் காவல் காத்தேன். கண்ணகி நகர்னு போட்டா வேலை வராமப் போகலாம், அதையும் மறைக்க மாட்டேன். முடிவு உன்னோடது. எதைப் போட்டாலும் நாங்க உன்கூட இருக்கோம்” என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “நான் அன்னிக்கே அனுப்பிட்டேண்ணா” என்றாள்.

“எதைப் போட்ட?”

“கண்ணகி நகர்னுதான். அந்தக் கம்பெனியும் துரைப்பாக்கம்தான். பின்கோடு பார்த்தேன், 600097. அவங்களுக்கும் அதான், எங்களுக்கும் அதான். அப்புறம் என்னாண்ணா?”

இதை எழுதும் வரை அவளுக்கு அழைப்பு வரவில்லை. இன்னும் நான்கு இடத்துக்கு அனுப்பியிருக்கிறாள், அதே முகவரியோடு. அவளை வைத்து ஒரு வெற்றிக் கதை எழுத எனக்கு ஆசைதான். ஆனால் பதில் சொல்ல வேண்டியது அவள் இல்லை, அந்த ரெஸ்யூமேயைக் கையில் வைத்திருப்பவர்.

திண்டிவனத்துத் தம்பியின் எண் இத்தனை வருடமும் என் போனில் இருக்கிறது. ஒருமுறைகூட அழைத்ததில்லை. நாளை காலை அழைக்கப்போகிறேன். எடுத்தால், மணிமண்டபத்தில் மாலையோடு நின்றது நான்தான் என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஜெய்பீம்.